பிழை சென்சரிலா, வயரிலா?

இரண்டு வருடங்களுக்கு முன், ஜனவரி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை இரவு. வெளியே மைனஸ் 22 பாகை. பதினொரு மணிக்கு எனக்கு வேலை தொடங்கும். பத்து மணிக்குக் காருக்குள் ஏறித் திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ இருமிக்கொண்டு பிடித்தது. உடனே முன்னுக்குள்ள மின்விசிறி முழு வேகத்தில் இரையத் தொடங்கியது. அந்தக் குளிரில் விசிறிக்கு என்ன வேலை என்று நான் யோசிக்கவில்லை. மீற்றருக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் எஞ்சின் படம் போட்ட விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பற்றியும் அப்போது யோசிக்கவில்லை. வேலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. அந்த மாதத்தில் ஏற்கனவே இரண்டு தடவை பிந்திப் போயிருந்தேன். மூன்றாவது தடவை பிந்தினால் கையில் கடிதம் தருவார்கள்.

அந்த மஞ்சள் விளக்கை அணைப்பதற்காக அடுத்த ஆறு கிழமைகளில் நான் 605 டொலர் செலவழித்தேன். கடைசியில் பிழை மூன்று அங்குல நீளமான வயரில் இருந்தது. அதைத் திருத்த ஆறு டொலர் கூடச் செல்லவில்லை. எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் மெக்கானிக் அல்லன். ஓ.எல். பரீட்சையோடு படிப்பு நின்றுபோனது. ஆனால் அந்தப் பரீட்சைக்குப் படித்த விஞ்ஞானமே இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கப் போதுமானதாக இருந்தது.

விளக்கு என்ன சொல்கிறது?

இந்நாட்டுக்கு வந்து முதன்முதலில் கார் வாங்கும் எம்மவர்களில் அநேகர் பத்து, பதினைந்து வருடம் ஓடிய காரைத்தான் வாங்குகிறோம். அதில் என்றோ ஒரு நாள் இந்த விளக்கு எரியத்தான் போகிறது. ஆகவே முதலில் விளக்குகளை வேறுபடுத்தி அறிந்துகொள்ளுங்கள்.

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால், எஞ்சினைக் கவனிக்கும் கொம்பியூற்றர் ஏதோ ஒரு பிழையைக் குறித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். கார் வழமைபோல் ஓடினால் உடனே தெருவோரம் நிறுத்தத் தேவையில்லை. ஆனால் சில நாட்களுக்குள் பார்க்கவேண்டும். அதே விளக்கு மின்னி மின்னி எரிந்தால் எஞ்சினுக்குள் பெற்றோல் சரியாக எரியவில்லை. அப்படியே ஓடினால் புகைக்குழாயில் இருக்கும் விலை கூடிய வடிகட்டி பழுதாகிவிடும். வேகத்தைக் குறைத்து, ஓடுவதை நிறுத்தவேண்டும். சிவப்பு நிறத்தில் வெப்பமானி விளக்கு எரிந்தாலோ, வெப்பமுள் சிவப்புக் கோட்டுக்குப் போனாலோ உடனே பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். சூடு ஆறும்வரை ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் தண்ணீர் முகத்தில் பாயும்.

மஞ்சள் விளக்கின் காரணத்தை அறிய ஒரு சிறிய கருவி இருக்கிறது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டிலிருந்தும் கனடாவில் 1998ஆம் ஆண்டிலிருந்தும் வந்த கார்களில், சாரதியின் முழங்காலுக்கு மேலே, டாஷ்போர்ட்டின் அடியில் 16 துளைகள் கொண்ட ஒரு சொக்கற் இருக்கும். ஐரோப்பாவில் புதிதாக விற்கப்பட்ட பெற்றோல் கார்களுக்கு 2001ஆம் ஆண்டிலிருந்தும் டீசல் கார்களுக்கு 2004ஆம் ஆண்டிலிருந்தும் இது கட்டாயமானது. கருவியை அதில் செருகினால் பிழையின் இலக்கத்தைக் காட்டும். நான் வாங்கியது முப்பது டொலர். கைத்தொலைபேசியோடு இணைந்து வேலை செய்கிறது. கார் எந்த நிறுவனத்தின் தயாரிப்பானாலும் பொதுவான பிழைகளுக்கு இலக்கம் ஒன்றுதான்.

என் காரில் வந்த இலக்கம் பி-0118.

இலக்கத்தைப் பிழையாக வாசித்தேன்

அந்த இலக்கத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விளக்கத்தின் கருத்து இதுதான்: எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரின் வெப்பத்தை அளக்கும் சென்சரின் மின்சுற்று, அளவு உயர்வு. ஆங்கிலத்தில் கடைசிச் சொல் 'ஹை'. எனக்கும் என்னோடு வேலை செய்யும் நண்பருக்கும் அந்தச் சொல் மட்டும்தான் கண்ணில் பட்டது. "வெப்பம் கூடிப்போச்சு மச்சான், தேர்மோஸ்ரற் போயிருக்கும்" என்றார் அவர். நானும் நம்பினேன். ஒரு கராஜுக்குப் போய், தேர்மோஸ்ரற்றை மாற்றி, கூலன்ற் தண்ணீரையும் மாற்றித் தரும்படி நானாகவே கேட்டேன். 210 டொலர். விளக்கு அணையவில்லை.

நாங்கள் விட்ட பிழை என்ன? 'உயர்வு' என்று சொல்லப்பட்டது வெப்பம் அல்ல, வோல்ற். இந்தச் சென்சரில் வோல்ற் உயர்ந்தால் அதன் அர்த்தம் நேர் எதிரானது: எஞ்சின் கடும் குளிராக இருக்கிறது என்பதே.

இது எப்படி என்று விளங்கிக்கொள்வது கஷ்டமல்ல. இந்தச் சென்சர் ஒரு சிறிய தடை. அதற்கு இரண்டு வயர்கள். குளிராக இருக்கும்போது அதன் தடை கூடும், சூடாகும்போது குறையும். கொம்பியூற்றர் தனக்குள் இருக்கும் ஒரு நிலையான தடையின் ஊடாக 5 வோல்ற்றை ஒரு வயரில் அனுப்புகிறது. அது சென்சருக்குள் புகுந்து மற்ற வயரால் திரும்பி வருகிறது. சென்சர் சூடாக இருந்தால் மின்சாரம் இலகுவாகப் பாயும், வோல்ற் குறையும். குளிராக இருந்தால் கொஞ்சமே பாயும், வோல்ற் உயர்ந்து நிற்கும். கொம்பியூற்றர் அந்த வோல்ற்றைப் பார்த்தே வெப்பத்தைக் கணக்கிடுகிறது.

இப்போது ஒரு வயர் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் பாயவே முடியாது. வோல்ற் முழு 5க்கும் ஏறிவிடும். கொம்பியூற்றர் அதை மைனஸ் 40 பாகை என்று வாசிக்கும். (மைனஸ் 40இல் செல்சியசும் பாரன்ஹைற்றும் ஒன்றுதான். எந்த அளவில் பார்த்தாலும் இலக்கம் மாறாது.) மாறாக, இரண்டு வயரும் ஒன்றோடொன்று முட்டிவிட்டால் வோல்ற் பூச்சியத்துக்கு இறங்கும். அப்போது கொம்பியூற்றர் 140 பாகை அளவில் காட்டும். அந்தப் பிழைக்கு இலக்கம் பி-0117.

இப்படி நம்பமுடியாத அளவு வந்தால் கொம்பியூற்றர் சென்சரை நம்புவதை விட்டுவிடும். என் காரில் அது எஞ்சின் சூடாக இருப்பதாக எடுத்துக்கொண்டு அதற்கேற்ற பெற்றோலை மட்டும் கொடுத்தது. குளிரில் எஞ்சின் பிடிக்க அது போதாது. காலையும் இரவும் பட்ட பாட்டுக்கு இதுவே காரணம். வேறு சில கார்களில் மாறாகப் பெற்றோல் கூடிப்போய்க் கறுப்புப் புகையும் மணமும் வரும். எஞ்சின் கொதித்துவிடக்கூடாது என்ற பயத்தில் விசிறியையும் ஓட விடும். மைனஸ் 22இல் விசிறி இரைந்த காரணம் அதுதான்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பல கார்களில் டாஷ்போர்ட்டில் உள்ள வெப்பமுள்ளுக்கும் இதே சென்சர்தான் செய்தி சொல்கிறது. இது வேலை செய்யாதபோது எஞ்சின் உண்மையாகவே கொதித்தாலும் முள் காட்டாமல் போகலாம். ஆகவே "ஓடுது தானே" என்று மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

காசு போன வழி

தேர்மோஸ்ரற் மாற்றியும் விளக்கு அணையாததால் அதே கராஜுக்குத் திரும்பப் போனேன். அவரும் எங்கள் ஆள்தான். இலக்கத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, உது சென்சர்தான். மாத்தினால் சரி" என்றார். 165 டொலர். மூன்று நாட்கள் விளக்கு எரியவில்லை. நான்காம் நாள் எரிந்தது.

கோபத்தில் வேறொரு கராஜுக்குப் போனேன். "மலிவுச் சாமான் போட்டிருக்கிறார்கள், அசல் சாமான் போடவேண்டும்" என்றார்கள். 230 டொலர். இம்முறை ஒன்பது நாட்கள் தாக்குப் பிடித்தது. பத்தாம் நாள் திரும்பவும் பி-0118. இரண்டாவது கராஜ்காரர் கையை விரித்தார். "அப்படியென்றால் கொம்பியூற்றர்தான் பழுது. 1,150 டொலர் வரும்" என்றார்.

அந்தக் காரின் பெறுமதியே அதைவிட அதிகம் கூட இல்லை. காரை விற்றுவிடலாமா என்று மனைவியோடு கதைத்தேன். ஆனால் எங்கள் வேலைத்தலத்துக்கு இரவில் ஒரு பஸ்தான். அதிலும் இறங்கி இருபது நிமிடம் பனிக்குள் நடக்கவேண்டும். மனைவிக்கு விடிய ஆறு மணிக்கு வேலை. நான் காரோடு திரும்பி வந்தால்தான் பிள்ளையை விட்டுவிட்டு அவரால் போகமுடியும். கார் எங்களுக்கு ஆடம்பரமல்ல. இரண்டு சம்பளமும் அந்த ஒரு காரில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

எங்கள் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் பகுதியில் ஒரு அண்ணை இருக்கிறார். ஊரில் றேடியோ திருத்தியவர். தேநீர் இடைவேளையில் அவரிடம் முறையிட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்:

"தம்பி, எல்லாரும் சென்சரைத்தான் பாத்திருக்கினம். ஒருத்தரும் வயரைப் பாக்கேல்லை. அந்த இலக்கம் சென்சர் பழுது எண்டு சொல்லேல்லை. சென்சரின்ர சுற்றிலை பழுது எண்டுதான் சொல்லுது. சுற்று எண்டால் சென்சர், பிளக், ரெண்டு வயர், கொம்பியூற்றர் எல்லாம் சேர்த்து. எங்கடை மெசின் நிண்டால் நான் முதல் என்ன செய்யிறனான்? புதுச் சாமானைத் தூக்கிக்கொண்டு வாறனானோ? மீற்றரைத்தானே கொண்டு வாறனான்?"

நான் ஆறு வருடமாக அந்த மெசினில் நிற்கிறேன். அவர் மீற்றரோடு வருவதை ஒவ்வொரு கிழமையும் பார்த்திருக்கிறேன். என் காருக்கு மட்டும் அந்த எண்ணம் வரவில்லை.

குசினியில் ஒரு சோதனை

அந்தச் சனிக்கிழமை இருபது டொலருக்கு ஒரு மல்ரிமீற்றர் வாங்கினேன். முதலாவது கராஜில் கழற்றிய சென்சரையும், இரண்டாவது கராஜில் கழற்றியதையும் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். மீற்றரை ஓம் அளவுக்குத் திருப்பி, வீட்டுக்குள் 21 பாகையில் சென்சரின் இரண்டு ஊசிகளிலும் வைத்தேன். ஒன்று 2,300 ஓம் காட்டியது, மற்றது 2,400. பல ஜப்பானியக் கார்களின் சென்சர் 20 பாகையில் 2,000க்கும் 3,000க்கும் இடையில் காட்டவேண்டும்.

பிறகு கேத்திலைக் கொதிக்க வைத்தேன். மனைவி ஓடி வந்தார். "இஞ்சேருங்கோ, உந்த ஊத்தைச் சாமானை என்ர கேத்திலுக்குள்ளை போடாதேங்கோ!" கேத்திலுக்குள் போடவில்லை. ஒரு பழைய பேணியில் சுடுதண்ணீரை ஊற்றி, ஊசிகள் நனையாமல் நுனியை மட்டும் தாழ்த்திப் பிடித்தேன். மனைவி சமையல் வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு வாசித்தார். தண்ணீர் 80 பாகைக்கு ஆறியபோது இரண்டு சென்சர்களும் 320 ஓம் அளவில் நின்றன. 200க்கும் 400க்கும் இடையில் இருந்தால் சரி. சூடு கூடத் தடை இறங்குகிறது, இடையில் எங்கும் துள்ளவில்லை.

அதாவது கழற்றி எறிந்த இரண்டு சென்சர்களுமே நல்லவை. காரோடு வந்த முதலாவதுகூடப் பழுதாகவில்லை. அதை விளங்கிக்கொண்டபோது வந்த எரிச்சலை இங்கே எழுதவில்லை.

வயரைச் சோதித்த விதம்

அடுத்த நாள் அண்ணையும் வந்தார். எஞ்சின் முழு இரவும் நின்று குளிர்ந்திருந்தது. நாங்கள் செய்தவற்றை ஒழுங்காகத் தருகிறேன்.

1. முதலில் இலக்கத்தை எழுதி வைத்தோம். அழிக்கவில்லை. பிழை பதிவான நேரத்தில் இருந்த வேகம், சுற்று எண்ணிக்கை முதலியவற்றையும் கொம்பியூற்றர் சேமித்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். வேறு இலக்கம் ஒன்றும் இல்லை என்பதையும் குறித்துக்கொண்டோம்.

2. திறப்பை எஞ்சின் பிடிக்காத அளவுக்குத் திருப்பி, கருவியில் அந்த நேரத்து அளவுகளைப் பார்த்தோம். குளிர்ந்த எஞ்சினில், உள்ளே இழுக்கப்படும் காற்றின் வெப்பமும் தண்ணீரின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கவேண்டும். காற்று மைனஸ் 9 காட்டியது. தண்ணீர் மைனஸ் 40.

3. திறப்பை அணைத்துவிட்டுக் கண்ணால் பார்த்தோம். பிளக்கின் ஊசிகளில் பச்சைப் படிவு இருக்கிறதா, வயர் எங்காவது உரசுகிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பார்த்தோம். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை.

4. பிளக்கைக் கழற்றி, வயர்ப் பக்கத்துப் பிளக்கின் இரண்டு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணைத்தோம். திரும்பவும் திறப்பைத் திருப்பினோம். வயர்களும் கொம்பியூற்றரும் நன்றாக இருந்தால் அளவு மைனஸ் 40இலிருந்து 140 அளவுக்குப் பாயவேண்டும். அப்படிப் பாய்ந்தால் பிழை சென்சரில். எங்களுக்கு அது மைனஸ் 40இலேயே நின்றது. ஆகவே பிழை சென்சரில் இல்லை. இந்த ஒரு சோதனைக்குச் சென்றது ஐந்து நிமிடம்.

5. இணைத்த வயரை எடுத்துவிட்டு, மீற்றரை வோல்ற் அளவுக்கு மாற்றினோம். மீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரியின் மைனசில் வைத்து, சிவப்பு முனையால் பிளக்கின் ஒவ்வொரு முனையையும் தொட்டோம். ஒன்றில் 5 வோல்ற் வந்தது. அப்படியென்றால் கொம்பியூற்றர் தன் வேலையைச் செய்கிறது, அதை அனுப்பும் வயரும் நல்லது. 1,150 டொலர் செலவு அந்த நிமிடமே இல்லாமல் போனது.

6. பிறகு மீற்றரின் இரண்டு முனைகளையும் பிளக்கின் இரண்டு முனைகளிலேயே வைத்தோம். அதே 5 வோல்ற் இங்கேயும் வந்திருக்கவேண்டும். வரவில்லை. திரும்பிச் செல்லும் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. அந்தத் திரும்பும் பாதையை வேறு சென்சர்களும் பாவிக்கின்றன. அவற்றுக்குப் பிழை இலக்கம் வராததால், அறுந்த இடம் இந்தச் சென்சருக்குப் பிரிந்து வரும் கிளையில்தான் இருக்கவேண்டும் என்றார் அண்ணை.

7. மீற்றரை அப்படியே வைத்துக்கொண்டு, வயரை அங்குலம் அங்குலமாக மெதுவாக வளைத்துப் பார்த்தோம். பிளக்கிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, பற்றரித் தட்டின் பக்கத்தில் வளையும் இடத்தில் அழுத்தியபோது 5 வோல்ற் வந்தது. விட்டபோது போனது.

அந்த இடத்தில் உறையைக் கீறிப் பார்த்தோம். வெளியே நல்ல உறை, உள்ளே செம்புக் கம்பி பச்சைத் தூளாக உதிர்ந்தது. இந்நாட்டில் குளிர்காலத்தில் வீதியெங்கும் உப்புப் போடுகிறார்கள். உப்புத் தண்ணீர் ஒரு சிறு வெடிப்புக்குள் புகுந்தால் கம்பியை உள்ளிருந்தே தின்றுவிடும். ஒவ்வொரு முறையும் சென்சர் மாற்றும்போது பிளக்கைக் கழற்றி ஆட்டியதால் உதிர்ந்த கம்பிகள் சில நாட்களுக்கு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. மூன்று நாளும் ஒன்பது நாளும் விளக்கு எரியாமல் இருந்த மர்மம் அதுதான். நாங்கள் அதைப் புதுச் சாமானின் குணம் என்று நம்பினோம்.

பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, பழுதான மூன்று அங்குலத்தையும் வெட்டி எடுத்து, அதே தடிப்புள்ள வயரை ஈயம் பற்றவைத்து இணைத்தோம். அதன்மேல் சூட்டில் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் உறையைப் போட்டோம். கறுப்பு ரேப் மட்டும் சுற்றினால் அடுத்த குளிர்காலத்தில் உப்புத் தண்ணீர் திரும்பவும் புகுந்துவிடும். பிறகுதான் இலக்கத்தை அழித்தோம். தண்ணீரின் வெப்பம் காற்றின் வெப்பத்தோடு ஒத்து நின்றது. எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்தது. அளவு மெதுவாக ஏறி 90க்குப் பக்கத்தில் நின்றது. அதன்பிறகு இரண்டு குளிர்காலம் போய்விட்டது. அந்த இலக்கம் திரும்பி வரவில்லை.

தொடக்கூடாதவை

மேலே சொன்ன இணைப்புச் சோதனை இரண்டு வயர் உள்ள வெப்பச் சென்சர்களுக்கு மட்டுமே உரியது. உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சருக்கும் செய்யலாம். அதன் இலக்கங்கள் பி-0112, பி-0113. மூன்று வயர் உள்ள சென்சர்களில் இப்படி இணைத்தால் வேறு பழுது உண்டாகலாம். மஞ்சள் உறையோ மஞ்சள் பிளக்கோ உள்ள வயர்கள் காற்றுப் பைக்கு உரியவை. அவற்றில் மீற்றர் வைக்கவே கூடாது. ஹைபிரிட் மற்றும் மின்சாரக் கார்களில் செம்மஞ்சள் நிற வயரைக் கையாலும் தொடாதீர்கள். அதில் உயிரைக் குடிக்கும் மின்சாரம் இருக்கிறது.

வெப்பச் சென்சரின் பிளக்கைக் கழற்றினால் விசிறி திடீரென்று ஓடத் தொடங்கலாம். கையையும் தாவணி, மவ்ளர் போன்றவற்றையும் தள்ளி வையுங்கள். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டு வேலை செய்யாதீர்கள். அந்தப் புகைக்கு மணம் தெரியாமலே ஆளை மயக்கிக் கொல்லும் சக்தி உண்டு. கதவைத் திறந்து வைத்தாலும் போதாது, காரை வெளியே எடுங்கள்.

கராஜில் எப்படிக் கேட்பது?

எல்லோரும் மீற்றர் வாங்கிக் காருக்குள் தலையை விடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் கேட்கத் தெரிந்திருக்கவேண்டும். "விளக்கை அணைத்துத் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். "இந்தச் சுற்றைச் சோதித்து, பிழை சென்சரிலா, பிளக்கிலா, வயரிலா என்று சொல்லுங்கள். சோதனைக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். "என்ன அளவு வந்தது?" என்று பிறகு கேளுங்கள். உண்மையாகச் சோதித்தவரிடம் அதற்குப் பதில் இருக்கும்.

ஒன்ராறியோவில் 2002ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எங்களுக்குச் சில உரிமைகளைத் தருகிறது. எழுத்தில் மதிப்பீடு கேட்கலாம். மதிப்பீட்டுக்குக் காசு எடுப்பதென்றால் முன்கூட்டியே சொல்லவேண்டும். கொடுத்த மதிப்பீட்டைவிட 10 வீதத்துக்கு மேல் கூட்டி எடுக்கமுடியாது. கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கலாம். புதிதாகப் போட்ட சாமானுக்கும் அதைப் போட்ட கூலிக்கும் 90 நாட்கள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. இவற்றைக் கேட்பதற்கு நல்ல ஆங்கிலம் வேண்டியதில்லை. பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

கடைசியாக ஒன்று. எனக்குச் சாமான் மாற்றிய இருவரும் கள்ளர்கள் அல்லர். முதலாவது கராஜ்காரரிடம் பிறகு போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "தம்பி, ஒரு மணித்தியாலம் சோதிச்சுப்போட்டு அதுக்குக் காசு கேட்டால் எங்கடை சனம் தருமோ? சாமான் போட்டால்தான் காசு தருகினம்" என்றார். யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. சென்சருக்கு 165 டொலர் கொடுத்தபோது நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் "சோதனைக்கு மட்டும் 120 டொலர், சாமான் ஒன்றும் மாற்றத் தேவையில்லை" என்று அன்று அவர் சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். கையில் தெரியும் சாமானுக்குக் காசு கொடுக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத அறிவுக்குக் கொடுக்க மறுக்கிறோம். அதனால் ஒரு சோதனைக்குப் பதிலாக மூன்று சாமான்களுக்குக் கொடுக்கிறோம்.

சோதனைக்குக் காசு கொடுங்கள். அல்லது சோதிக்கப் பழகுங்கள். இரண்டும் முடியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். அந்த இலக்கத்தை ஒரு விலாசம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். எந்த ஒழுங்கைக்குள் தேடவேண்டும் என்று மட்டும்தான் அது சொல்லும். எந்த வீடு என்று நாங்கள்தான் படலையைத் தட்டிப் பார்க்கவேண்டும்.

அந்த இரண்டு நல்ல சென்சர்களும் இன்னும் எங்கள் குசினி லாச்சிக்குள் கிடக்கின்றன. எறியவா என்று மனைவி அடிக்கடி கேட்பார். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் பக்கத்து அடுக்குமாடியில் புதிதாகக் குடிவந்த ஒரு தம்பி, தன் காரில் மஞ்சள் விளக்கு எரிகிறது என்று வந்து நின்றார். சாமான் வாங்க வெளிக்கிட்டவரை மறித்து, லாச்சியைத் திறந்து அவற்றைக் காட்டிவிட்டு, மீற்றரை எடுத்துக்கொண்டு அவரோடு கீழே இறங்கினேன்.